ஆடுகளமும் அகநலமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





ஆண்டு விழா மேடையிலே இளைஞன் ஒருவன் பேச எழுந்தால், சமய வாழ்வைப் பற்றியோ சமூக சேவையைப் பற்றியோ சில நல்ல வார்த்தைகள் சொல்லி அமர்வதே வழக்கம். எங்கள் செயலாளர் அண்ணர், “தம்பி, நீ ஓட்டக்காரன், விளையாட்டைப் பற்றிப் பேசு” என்று கட்டளையிட்டு விட்டார். அவர் சொல்லை நான் தட்டவில்லை. விளையாட்டைப் பற்றியே பேசப் போகின்றேன். ஆனால் கிண்ணங்களையும் பதக்கங்களையும் பற்றியன்று. ஐக்கிய அமெரிக்காவிலே எம் வயதினும் இளைய பாடசாலை மாணவர்கள், தாம் ஆடும் விளையாட்டையே கருவியாகக் கொண்டு, உளநலம் பற்றிய விழிப்புணர்வைத் தம் ஊரவரிடையே பரப்பி வருகின்றார்கள். அவர்கள் செய்வது யாது, ஏன் செய்கின்றார்கள், அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஏதும் உண்டா என்பனவே இன்று என் பொருள்.

விளையாட்டு உடலை உரமாக்கும் என்பதை எவரும் மறுக்கார். உள்ளத்திற்கும் அது மருந்து என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். குழுவாகச் சேர்ந்து விளையாடும் இளைஞரிடையே மனச்சோர்வு பொதுவாகக் குறைந்து காணப்படுகின்றது. இது மகிழ்ச்சிக்குரிய உண்மை. ஆனால் இந்த உண்மையிலிருந்து நாம் ஒரு பிழையான முடிவுக்குத் தாவிவிடுகின்றோம். “வலிமையான உடல் உடையவனுக்கு உள்ளத்திலே நோய் வராது; வந்ததென்றால் அவன் கோழை” என்பதே அந்த முடிவு.

இது எவ்வளவு பிழை என்பதை உலகம் அண்மையிலே கண்டது. 2021ஆம் ஆண்டிலே ரோக்கியோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவின்போது, உலகின் தலைசிறந்த சீருடற்பயிற்சி வீராங்கனையாகிய சிமோன் பைல்ஸ், குழுப் போட்டியின் நடுவிலே விலகிக்கொண்டார். உடலுக்கும் உள்ளத்துக்கும் இடையே ஒருங்கிசைவு தவறிவிட்டது, வானிலே சுழலும்போது தாம் எங்கே இருக்கின்றோம் என்பதே தமக்குத் தெரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவரைப் பழித்தவர்கள் பலர். அவரோ சிகிச்சை பெற்றார்; ஓய்வெடுத்தார்; மீண்டு வந்தார். 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக் விழாவிலே மூன்று தங்கப் பதக்கங்களையும் ஒரு வெள்ளிப் பதக்கத்தையும் வென்றார். நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் ஒலிம்பிக் வரலாற்றிலே 23 தங்கப் பதக்கங்கள் பெற்றவர். அவரும் தாம் கடும் மனச்சோர்வினால் வருந்தியதையும், வாழவே விரும்பாத நாட்கள் தமக்கு இருந்ததையும் மறைக்காது கூறியிருக்கின்றார். இவர்களைக் கோழைகள் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

சபையோரே, இவர்கள் உலகம் அறிந்தவர்கள். இவர்கள் விலகினாலும் செய்தி, மீண்டாலும் செய்தி. ஊர்ப் பாடசாலையிலே விளையாடும் பதினாறு வயதுப் பிள்ளையின் துன்பத்தை யார் கேட்பார்?

அமெரிக்காவிலே பாடசாலை விளையாட்டு என்பது சிறிய காரியமன்று. 2023-24ஆம் பாடசாலை ஆண்டிலே உயர்தரப் பாடசாலைகளில் விளையாட்டுகளிற் பங்குபற்றியோரின் எண்ணிக்கை 80 இலட்சத்தைக் கடந்தது. வெள்ளி இரவு உதைபந்தாட்டத்துக்கு ஊர் முழுவதும் திரளும். தந்தை விளையாடிய குழுவிலே மகனும் விளையாடுவான். பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசில் கிடைக்குமா என்ற ஏக்கம் ஒருபுறம். அது மிகச் சிறு பங்கினருக்கே கிடைக்கும் என்ற அச்சம் மறுபுறம். இவற்றிடையே முழங்கால் மூட்டிலே ஓர் இணைப்புநார் அறுந்துவிட்டால், ஓராண்டுக்குக் களத்தில் இறங்க முடியாது. கால் மட்டுமா நின்றுவிடுகின்றது? நண்பர் கூட்டமும், நாள் ஒழுங்கும், “நான் இன்னார்” என்ற எண்ணமும் எல்லாம் ஒருங்கே நின்றுவிடுகின்றன. வைத்தியர் காலைப் பார்க்கின்றார்; உள்ளத்தை யாரும் பார்ப்பதில்லை.

பெருந்தொற்றுக் காலத்திலே நிலைமை மேலும் மோசமாயிற்று. 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே அந்நாட்டுச் சிறுவர் வைத்தியர் சங்கமும், சிறுவர் உளநோய் வைத்தியர் சங்கமும், சிறுவர் வைத்தியசாலைகளின் சங்கமும் ஒன்றுகூடி, பிள்ளைகளின் உளநலம் தேசிய அவசரநிலையை அடைந்துவிட்டது என்று பிரகடனம் செய்தன.

இந்தச் சூழலிலேதான் மாணவர் இயக்கங்கள் வளர்ந்தன. அவற்றுள் ஒன்றின் வரலாற்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன்.

மோர்கன் றொட்ஜேர்ஸ் என்ற பெண் டியூக் பல்கலைக்கழகத்திலே லக்றோஸ் விளையாடியவர். வலை கட்டிய கோலினாற் பந்தை ஏந்தி எறிந்து ஆடும் ஆட்டம் அது. கலகலப்பானவர், தோழியரைச் சிரிக்க வைப்பவர். இரண்டாம் ஆண்டிலே முழங்காலிற் காயமுற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். நீண்ட காலம் ஆட முடியவில்லை. மனக்கலக்கமும் சோர்வும் அவரைப் பற்றிக்கொண்டன. அவற்றைப் பெரும்பாலும் தமக்குள்ளேயே வைத்துப் போராடினார். 2019ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, தமது 22ஆவது வயதிலே, தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அத்தகைய இழப்பின் பின் ஒரு குடும்பம் கதவை அடைத்துக்கொள்வதே உலகெங்கும் வழக்கம். எங்கள் ஊரிலே சொல்லவும் வேண்டுமா? “காய்ச்சல் வந்து போனாள்” என்று சொல்லி முடித்துவிடுவோம். மோர்கனின் தாயாரும் உறவினரும் நண்பர்களும் அப்படிச் செய்யவில்லை. 2020ஆம் ஆண்டிலே “மோர்கனின் செய்தி” என்ற பெயரில் ஓர் அமைப்பை நிறுவினார்கள். உடற்காயத்துக்குக் கொடுக்கும் அதே மதிப்பை உள்ளத்தின் காயத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். வண்ணத்துப்பூச்சி அவர்களின் சின்னம்.

இன்று நூற்றுக்கணக்கான பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் மாணவ விளையாட்டு வீரர்கள் இந்த அமைப்பின் தூதுவர்களாகப் பணியாற்றுகின்றனர். அவர்கள் செய்வது இதுதான். தம் பாடசாலையிலே குழுக்களைக் கூட்டி உளநலம் பற்றிப் பேசுகின்றார்கள். காயமடைந்து வெளியே இருப்பவன் நிலை என்ன, தோல்வியின் பின் தூக்கம் வராதவன் என்ன செய்யலாம், நண்பன் ஒருவன் மாறிவிட்டதைக் கண்டால் எவ்வாறு பேச்சைத் தொடங்குவது என்பன போன்றவை அவர்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்கள். அன்றியும், பருவத்தில் ஒரு போட்டியை இந்நோக்கத்துக்கென்றே அர்ப்பணம் செய்கின்றார்கள். அன்று வீரர்கள் வண்ணத்துப்பூச்சிச் சின்னம் அணிந்து களம் புகுவர். ஆட்டத்துக்கு முன் மாணவர் ஒருவர் எழுந்து மோர்கனின் கதையைச் சொல்லுவார். உதவி தேவைப்படுவோர் எங்கே செல்லலாம் என்ற விபரம் பார்வையாளருக்குக் கொடுக்கப்படும். எதிரணியும் அதே சின்னத்தை அணிந்து நிற்கும். பின்னர் ஊதல் ஒலிக்கும். ஆட்டம் வழக்கம்போல் நடக்கும்.

இதனையொத்த இன்னொரு முயற்சியும் உண்டு. வாஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் ரைலர் ஹிலின்ஸ்கி 2018ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே 21 வயதில் அவ்வாறே மறைந்தார். அவருடைய பெற்றோர் “ஹிலின்ஸ்கியின் நம்பிக்கை” என்ற நிதியத்தைத் தோற்றுவித்து, ஊர் ஊராகச் சென்று விளையாட்டு வீரர்களோடு பேசி வருகின்றனர். அவர் அணிந்த இலக்கம் மூன்று. ஆதலால் பல்கலைக்கழகக் குழுக்கள் களத்திலே மூன்று விரல்களை உயர்த்திக் காட்டி அவரை நினைவுகூருகின்றன.

லக்றோஸ் ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது வெள்ளையர் கண்டுபிடித்த ஆட்டமன்று. வட அமெரிக்கப் பழங்குடி மக்களுடையது. அவர்களிடையே அது வெறும் பொழுதுபோக்கும் அன்று. நோயுற்றவர் நலம் பெறவும், துன்புற்ற சமூகம் தேறவும் ஆடப்பட்ட மருந்து ஆட்டம் அது. 1636ஆம் ஆண்டிலே யேசு சபைப் பாதிரியார் ஜோன் டி பிறேபொவ், ஹியூரன் மக்களின் வைத்தியர் ஒருவர் ஊரின் நலத்துக்காக இவ்வாட்டத்தை ஆடும்படி விதிப்பதைக் குறித்து வைத்திருக்கின்றார். அதை ஒரு மூடநம்பிக்கையாகவே அவர் எழுதினார். மிஷன் பாடசாலையிலே படித்தவன் என்ற முறையில், அந்தப் பாதிரியார்மீது எனக்குக் கோபமில்லை. ஆயினும் சிரிப்பு வருகின்றது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளின் பின், அதே ஆட்டத்தின் களத்திலே, உள்ளம் நொந்தவரைத் தேற்றுவதற்காகப் பிள்ளைகள் மீண்டும் திரளுகின்றார்கள் அல்லவா?

இனி, இம்முயற்சிகள் மீது கூறப்படும் ஆட்சேபங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது: “நாடா அணிவதால் நோய் தீருமா?” தீராது. சின்னம் அணிந்து படம் எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் அதே நண்பனைக் கேலி செய்வோமானால் அது வெறும் வேடம். ஆனால் சின்னம் ஒரு வேலை செய்கின்றது. “இங்கே இதைப் பற்றிப் பேசலாம்” என்று வாய் திறவாதவனுக்கு அது அறிவிக்கின்றது. அந்த அறிவிப்பின் பின் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்திற் சின்னத்தாற் பயனில்லை.

இரண்டாவது: “இதைப் பற்றிப் பேசினால் இல்லாத எண்ணத்தையும் உண்டாக்கிவிடுவோமே?” பெற்றோர் பலர் இவ்வாறு அஞ்சுகின்றனர். ஆனால், ஒருவனிடம் பரிவோடும் நேராகவும் கேட்பதனால் அத்தகைய எண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டபின் ஆறுதலடைந்தவர்களும் உண்டு. பேசும் முறையிலே கவனம் வேண்டும். மரணத்தைப் புகழாகவோ தீர்வாகவோ காட்டலாகாது. பேசாமல் இருப்பது கவனமாகாது.

மூன்றாவது: “பள்ளிப் பிள்ளைகள் வைத்தியரா?” அல்லர். அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. களத்திலே ஒருவன் கால் முறிந்து வீழ்ந்தால் நாம் சத்திரசிகிச்சை செய்வதில்லை. ஆனால் அவனைத் தனியே விட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்வதுமில்லை. தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போகின்றோம். உள்ளம் முறிந்தவனுக்கும் செய்யவேண்டியது அதுவே. அந்நாட்டிலே 2022ஆம் ஆண்டு யூலை முதல் 988 என்ற மூன்று இலக்கங்களை அழுத்தினாற் பயிற்சி பெற்ற ஒருவரோடு பேசலாம். மாணவத் தூதுவரின் வேலை அந்த இடம் வரைக்கும் நண்பனோடு கூடச் செல்வது.

அன்பர்களே, “இது அமெரிக்கர் கதை; எமக்கென்ன?” என்று உங்களுள் யாராவது எண்ணலாம். எங்கள் சங்க முற்றத்திலே கட்டியிருக்கும் கரப்பந்தாட்ட வலையைப் பாருங்கள். அந்த விளையாட்டை 1895ஆம் ஆண்டிலே, மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹொலியோக் நகரிலே, வில்லியம் மோர்கன் என்பவர் ஆக்கினார். ஆக்கிய இடம் எது? அவ்வூர்க் கிறிஸ்தவ வாலிபர் சங்கம். அது இன்று எங்கள் நாட்டின் தேசிய விளையாட்டு. ஒரு வாலிபர் சங்கத்திலே தோன்றிய ஆட்டத்தை இன்னொரு வாலிபர் சங்கம் கூச்சமின்றி ஏற்றுக்கொண்டது. ஆட்டத்தை ஏற்ற நாம், அந்நாட்டுப் பிள்ளைகள் அதனோடு சேர்த்துக்கொண்ட ஒரு நல்ல வழக்கத்தை ஏற்பதிலே என்ன இழுக்கு?

எங்களுக்கு அது தேவையில்லையா? போரின் வடுவைச் சுமந்த பெற்றோரின் பிள்ளைகள் நாங்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் 2009ஆம் ஆண்டையும் எங்கள் வீடுகள் இன்னும் மறக்கவில்லை. தன் உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவன் 1998ஆம் ஆண்டு வரை எம் நாட்டுச் சட்டப்படி குற்றவாளி. சட்டம் அந்தக் குற்றத்தை நீக்கிவிட்டது; ஊர்வாய் இன்னும் நீக்கவில்லை. பிள்ளை சோர்ந்திருந்தால் “கண்ணூறு” என்போம், நூல் கட்டுவோம், “சோம்பல்” என்று ஏசுவோம். கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை நான் குறைகூறவில்லை. காய்ச்சலுக்கு நேர்த்தியும் வைத்து மருந்தும் எடுக்கின்றோமே, உள்ளத்தின் நோய்க்கு மட்டும் வைத்தியரிடம் போக ஏன் நாணுகின்றோம்?

இவ்விடத்திலே ஒரு பழைய கடனைத் தீர்க்க உங்கள் அனுமதியை வேண்டுகின்றேன்.

பாடசாலையிலே நான் அஞ்சலோட்டக் குழுவின் கடைசி ஓட்டக்காரன். மூன்றாவதாக ஓடியவன் என் நெருங்கிய நண்பன். மாகாணப் போட்டியிலே நாங்கள் முன்னணியில் இருந்தபோது, அவன் கையிலிருந்து என் கைக்கு வரவேண்டிய கோல் கீழே விழுந்தது. எல்லோரும் அவனையே குறை கூறினார்கள். ஆனால் நடந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். அவசரத்தினாலே நான்தான் முந்தி ஓடத் தொடங்கினேன். அதை அன்று நான் சொல்லவில்லை. குழுத் தலைவன் என்ற பெருமை என் வாயை அடைத்துவிட்டது. அவன் முதலிற் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். பின்னர் பாடசாலைக்கு வருவதையும் நிறுத்தினான். அந்த ஆண்டுப் பரீட்சைக்கும் தோற்றவில்லை. “பயந்தாங்கொள்ளி” என்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம். அவன் வீடு என் வீட்டிலிருந்து அரை மைல் தூரமும் இல்லை. நான் போகவில்லை.

அவனுடைய மாமனார் ஒருவர் அவனை அரசினர் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். இறைவன் அருளால் அவன் இன்று நலமாக இருக்கின்றான், தொழில் செய்கின்றான். இரண்டு ஆண்டுகளின் பின் அவனைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. “கோல் விழுந்தது பெரிசில்லை மச்சான், அடுத்த நாள் ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை, அதுதான்” என்றான். பெயரைச் சொல்லாமல் இதை இங்கே சொல்ல அவனே அனுமதி தந்தான். அந்த வார்த்தையைக் கேட்டபின்தான் அமெரிக்கப் பிள்ளைகள் செய்வதன் பொருள் எனக்கு விளங்கியது. அவர்கள் செய்வது பெரிய வைத்தியமன்று. அடுத்த நாள் போய்க் கதைப்பதுதான்.

எங்கள் சமயம் இதற்கு மாறானதா? இச்சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலேதான் நான் கீதையை முதன்முதல் அறிந்தேன். அதன் முதல் அத்தியாயத்தின் பெயரே அருச்சுனனின் துயரத்தைக் குறிப்பது. வில்லாளருள் தலைசிறந்தவன், போட்டிகளில் எல்லாம் வென்றவன், படைகள் பார்த்து நிற்க, உடல் நடுங்கி, வில் நழுவித் தேர்த்தட்டிலே அமர்ந்துவிடுகின்றான். கண்ணன் முதலிற் கடிந்துதான் பேசினான். கடிந்த மாத்திரத்தில் அருச்சுனன் எழுந்துவிட்டானா? இல்லை. “எனக்கு வழி தெரியவில்லை, நீயே சொல்” என்று அவன் உள்ளத்தைத் திறந்த பின்னரே உபதேசம் தொடங்குகின்றது. பதினெட்டு அத்தியாயங்களிலும் அவன் கேட்ட கேள்விக்கெல்லாம் கண்ணன் விடை சொன்னான். தேரோட்டி தேரை விட்டு இறங்கிப் போகவில்லை. தோழமைக்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமோ?

ஆகையால், மூன்று சிறிய காரியங்களை இச்சபையின் முன் வைக்கின்றேன். ஒன்று, அடுத்த ஆண்டு எமது சங்கம் நடத்தும் கரப்பந்தாட்டப் போட்டிகளுள் ஒன்றை உளநலத்துக்கென அர்ப்பணம் செய்வோம். அன்று தகுதி வாய்ந்த வைத்தியர் ஒருவரை அழைத்துக் கால் மணி நேரம் பேசச் செய்வோம். இரண்டு, ஒவ்வொரு குழுவிலும் ஒருவர், காயமடைந்தும் தோற்றும் விலகியும் நிற்பவரின் வீட்டுக்கு ஒரு வாரத்துக்குள் சென்று பார்த்து வரும் பொறுப்பை ஏற்கட்டும். மூன்று, தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும், அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவு நடைபெறும் நாட்களையும் எமது வாசிகசாலைச் சுவரிலே எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைப்போம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. இரண்டாவது காரியத்துக்கு முதல் ஆளாக என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளும்படி செயலாளர் அண்ணரை வேண்டுகின்றேன்.

பெரியோர்களே, வென்றவனைத் தோளிலே தூக்க ஊர் முழுவதும் ஓடி வரும். கோலைத் தவறவிட்டவன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே செல்ல ஒருவனாவது வேண்டும். அந்த ஒருவன் எமது சங்கத்தைச் சேர்ந்தவனாக இருக்கட்டும்.

 எல்லாம் வல்ல இறைவன் எமது சங்கத்தையும் இளைஞரையும் உடல்நலமும் உளநலமும் தந்து காத்தருள்வானாக.